முனீப்பின் நாலு பரல்கள்

முன்பக்க மட்கார்டில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து மூன்று தரம் அமுக்கி விடுகிறார். கார் எழும்புகிறது, இறங்குகிறது, மறுபடியும் எழும்பப் பார்க்கிறது. முனீப் தலையைச் சரித்து, நோயாளியின் மூச்சைக் கேட்பவர்போல நிற்கிறார்.

"ஒருக்கா எழும்பி நிக்கோணும் சேர். ரெண்டாந்தரம் ஆடினா சொக்ஸ் மௌத், செத்துப் போச்சி."

நான்கு மூலைக்கும் இதே மரியாதை. பிறகுதான் சொந்தக்காரருக்கு ஸலாமோ வணக்கமோ.

திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே அவருடைய கராஜ். வயது ஐம்பத்து மூன்று. எஞ்சினைத் தொடமாட்டார். "ஓட வைக்க ஆயிரம் பேர் இரிக்காங்க. நான் றோட்டுல நிக்க வைக்கிற ஆள்." வருவதெல்லாம் எண்ணூறு சி.சி. சின்னக் கார்கள். ஒல்லியான ரயர், உயரமான உடம்பு. எதிரே பஸ் வந்து விலத்தினால் தோணிபோல ஆடும். புதிது வாங்க வழியற்றவர்கள் பழையதையே இவரிடம் கொண்டுவருகிறார்கள். அகல ரயர் போடுவார். தேய்ந்த ரப்பர் புஷ்ஷுகளை எடுத்துவிட்டுக் கெட்டியானவற்றை இறுக்குவார். கடைசியாக, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் குறுக்கே ஓர் உருக்குக் கம்பி. வளைவில் கார் ஒரு பக்கம் சரியப் பார்த்தால் இந்தக் கம்பி மறுபக்கத்தைப் பிடித்து இழுக்கும். கம்பியின் நுனியில் மூன்று துளைகள். முதல் துளையில் பூட்டினால் இறுக்கம், கடைசித் துளையில் இளக்கம்.

வேலை முடிந்ததும் ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க வந்த ஒருவரிடம், "வைங்க, வைங்க. நசுங்கினா வழுக்கும், கவனம்" என்றார். தாயத்துக் கட்டச் சொன்ன தன் ஊர்க்காரருக்கும் அதே பதில்தான்: "கட்டுங்க. கட்டிப்போட்டு ரயரையும் மாத்துங்க."

இவ்வளவு தெளிவான மனிதர் ஒவ்வொரு காரையும் ஓட்டிப் பார்க்கும்முன் ஒரு விசித்திரமான வேலை செய்வார். கூரையிலிருக்கும் உள்விளக்கின் மூடியைக் கழற்றி, பல்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவரைப் பற்றி எழுத வந்த நான், ஏன் என்று முதல் நாளே கேட்டேன். "கை சும்மா இரிக்காது சேர்" என்றார்.

கராஜுக்குப் பின்னால், சரக்கு இறக்கிய காலத்துத் தார்த்தளம் ஒன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. ஊருக்குள் திரியும் மான்கள் அங்கே வந்து படுக்கும். அதில் நாலு வெற்றுத் தார்ப் பீப்பாய்களை, இந்த ஊர் வழக்கில் பரல்களை, இடம் வலமாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். அவற்றுக்கிடையே காரை வளைத்து வளைத்து ஓட்டவேண்டும். அதுதான் பரீட்சை. மணிக்கு அறுபது கிலோமீற்றரில் போனால்தான் காரின் குணம் தெரியும். முனீப் அறுபதில் புறப்படுவார். முதலாம் பரலைக் கார் தாண்டும். இரண்டாவதற்கு முன்பே வலது கால் பிரேக்கில் ஏறிவிடும். நான்காவது பரலை மாட்டுவண்டி வேகத்தில்தான் கடப்பார். கை உயர்ந்து, பல்பில்லாத விளக்கின் விசையைத் தட்டும்.

இடம் வலமாக வைத்த பரல்கள் இந்த மாவட்டத்தில் நடுத்தர வயதைத் தாண்டிய எவருக்கும் விளக்கவேண்டியவை அல்ல. போர்க்காலத்தில் இராணுவக் காவலரணுக்கு முன்னால் அப்படித்தான் இருந்தன. வேகத்தைக் குறை, முன்விளக்கை அணை, உள்விளக்கைப் போடு, உன் முகத்தைக் காட்டு, அடையாள அட்டையை நீட்டு. தொண்ணூறுகளில் முனீப் வான் ஓட்டினார். ஒரு மாலை இருட்டும் நேரம் உள்விளக்கைப் போட மறந்துவிட்டார்.

"துவக்கை லோட் பண்ற சத்தம் கேட்டிச்சி. அவ்வளவுதான். சுடல்ல. சுட்டிருந்தா அன்டோட முடிஞ்சிரிக்கும்."

பரல்களை வேறு மாதிரி வைத்தால் என்ன என்றேன். வைத்துப் பார்த்தாராம். கூம்பு வைத்தார், கல் வைத்தார். கால் ஏமாறவில்லை.

இதை வேடிக்கையாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் போன மாரியில் கிளிவெட்டி ஆசிரியர் யோகலிங்கத்தின் காருக்கு முதல் துளையில் கம்பி பூட்டி, இருபதில் ஓட்டிப் பார்த்து, சரி என்று கொடுத்துவிட்டார். இருபதில் எல்லாக் காரும் சாதுதான். மழை நாளில், வளைவொன்றில், இறுகிய பின்பக்கம் பிடி விட்டு வீசியது. கார் ஒரு சுற்றுச் சுற்றி வயலுக்குள் போனது. யோகலிங்கத்துக்குத் தோள் எலும்பு முறிந்தது. வீட்டார் கண்ணூறு என்று சொல்லிப் பூசணிக்காய் வெட்டினார்கள். முனீப் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று சொன்னார்: "கண்ணூறு இல்ல சேர். என்ட காலு."

இந்த நாட்டில் எத்தனையோ சாவுகளுக்குக் காரணமானவர்கள் மாலை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஒரு தோள் எலும்புக்கு முழுப் பொறுப்பையும் ஏற்ற மனிதனை நான் இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் பார்த்தேன். அவனுடைய காலுக்குள் அந்தப் பயத்தை ஏற்றியவர்களை யார் விசாரித்தார்கள்?

போன வாரம் ஜெயரூபியின் கார் வந்தது. வெருகல் பக்கம் நாலு கிராமங்களுக்கு அவள்தான் மருத்துவமாது. வயது இருபத்தேழு. சுகாதாரத் துறை வாகனம் இல்லையா என்று கேட்டால் சிரிக்கிறாள். மழையோ மாடோ பார்க்காமல் பிரசவ வலிக்காரியிடம் போய்ச் சேரவேண்டியவள். பத்து நாளைக்கு முன் மாட்டுக்கு விலத்தியபோது கார் இரண்டு சக்கரத்தில் நின்றதாம். கம்பியை முதல் துளையில் பூட்டச் சொல்லி அவளே கேட்டிருந்தாள். முனீப் பூட்டிவிட்டு, அன்று காலை மூன்று தரம் பரல்களுக்குள் ஓட்டினார். மூன்று தரமும் அதே இருபது. இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்பார்கள்; ஜெயரூபியும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"என்ன நானா, தேர் இழுக்கிறீங்களோ? இந்த வேகத்தில போனா பிள்ளை பிறந்து, நடந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்."

அவர் சிரிக்கவில்லை. காரின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார். "தர ஏலா மிஸ். பாத்து முடியல்ல."

"அப்ப நான் ஓட்டிப் பாக்கிறன். எனக்கு இது வெறும் பரல்தானே."

"பின்பக்கம் வழுக்கினா?"

"வழுக்கினா இங்கயே வழுக்கட்டும். வெருகல் றோட்டில வேண்டாம்."

முனீப் பல்பை இன்னொரு தரம் பைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவளுக்கு இடப்புறம் ஏறினார். நான் பின் கதிரையில். புறப்படும்போது அவருடைய பிடரியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. முதல் பரல், இரண்டாவது பரல். அவர் பக்கத்தில் பிரேக் இல்லை; கால் மட்டும் வெறுந்தரையை உதைத்தது. மூன்றாவது பரலில் எனக்குக் கீழே கார் பக்கவாட்டில் நழுவியது. ரயர் கீச்சிட்டது. மான்கள் சிதறி ஓடின. நான்காவது பரலுக்கு ஒரு சாண் முன்னால், பாதி திரும்பிய கார் நின்றது. துறைமுகத்தில் எங்கோ சங்கிலி இறங்கும் ஓசை கேட்டது.

ஜெயரூபியின் முகம் வெளிறியிருந்தது. "நானா, இதைத்தான் நான் கொண்டு போகப் பாத்தனானோ?"

"ஓம்" என்றார் முனீப். "யோகலிங்கம் சேருக்கும் இதைத்தான் குடுத்தனான்."

காரைத் தூக்கிவைத்துக் கீழே படுத்தார். ஸ்பனர் இரண்டு தரம் நெஞ்சில் விழுந்தது. முதல் துளையிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினார். எழும்பி வந்து, பின்மூலைகளை அமுக்கிப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே இடப்புறம் போய் ஏறினார்.

"நீங்க இறங்கி நில்லுங்கோ நானா. நான் தனியப் போறன்."

"நான் பூட்டின கம்பி மிஸ். நானும் இரிக்கோணும். அறுபதுக்குக் குறைக்காதீங்க."

அவள் குறைக்கவில்லை. முதலாவது, இரண்டாவது. மூன்றாவதில் நான் முன் கதிரையை இறுகப் பிடித்தேன். கார் லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, தண்டவாளத்தில் போவதுபோல நான்காவதையும் சுற்றி வெளியே வந்து நின்றது.

"பாத்தீங்களா நானா! பிடிச்சிட்டுது!" என்று ஸ்டியரிங்கில் தட்டினாள் ஜெயரூபி.

நண்பகல் வெயிலில் கண் கூசியது. முனீப் தன் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கியிருந்தார். முகம் நேரே பார்த்தபடி இருந்தது. ஒருவருமில்லாத தார்த்தளத்தை நோக்கி, நீட்டிய இடது கையில் அடையாள அட்டையைப் பிடித்திருந்தார்.