வாஷர் போட்ட மழைக்குழாய்

எட்டு வீட்டுக் குடியிருப்பில் எந்தக் குழாய் ஒழுகினாலும் "வாஷரைக் கூப்பிடு" என்பார்கள். பிளம்பருக்கு அதுவே பெயராகிவிட்டது. மனைவி, பத்து வயது மகளோடு கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஊரில் சொட்டுவதையெல்லாம் நிறுத்தியவருக்குத் தன் வாயை மட்டும் நிறுத்தத் தெரியாது.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும், மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. "சும்மா பேருக்கு ஒண்ணு மாட்டுப்பா" என்றார் ஓனர். அவர் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மொட்டைமாடியிலிருந்து குழாயை இறக்கி, அடியை அடைத்து, பக்கத்தில் தொட்டி மூடி மாதிரி ஒரு சிமெண்ட் பலகையைப் போட்டார். கீழே குழியே கிடையாது. அதிகாரி பலகையைக் காலால் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஒரு மழை பேஞ்சா மூணு மாசத்துக்குக் கவலையில்ல" என்று மனைவியிடமும் அளந்துவிட்டார்.

கோடையில் தண்ணீர் வாரம் இருமுறைதான் வந்தது. துணி அலசிய தண்ணீரில் மனைவி தரை துடைத்தாள். மிச்சம் கழிவறைக்குப் போனது. "மழை வர்ற வரைக்கும்தான்டி. அப்புறம் அப்பாவோட தொட்டி இருக்கு" என்று மகளைத் தேற்றினாள்.

ஒரு நாள் அவர் வேலை முடிந்து வந்தால், மகளின் இடுப்புவரை இருந்த கூந்தல் காதோடு நின்றிருந்தது.

"தலை அலச ரெண்டு வாளி ஆகுதுங்க. முடிதானே, வளரும்" என்றாள் மனைவி.

"நல்லா இருக்காப்பா?"

"ராணி மாதிரி இருக்கடா."

அப்போதாவது தொட்டியே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

மழை ஒரு மதியம் கொட்டியது. எட்டு வீடும் வாளியோடு இறங்கிவிட்டது. மனைவிதான் முன்னால் நின்றாள். "தள்ளாதீங்க, எல்லாருக்கும் வரும்" என்று பெருமையோடு பலகையைப் புரட்டினாள்.

கட்டாந்தரை.

"என்ன வாஷர், தொட்டி வெளியூர் போயிருக்கா?" என்றாள் மாடிவீட்டு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

"தொட்டி இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"குழாயை நான்தான் அடைச்சேன்."

சுத்தியலை எடுத்துவந்து மார்பளவில் குழாயை உடைத்தார். தண்ணீர் பீறிட்டது. சிரித்தவர்களெல்லாம் இடித்துக்கொண்டு வாளியை நீட்டினார்கள். மனைவி காலி வாளியோடு உள்ளே போய்விட்டாள்.

மகள் மட்டும் தலையை நீட்டி, "அப்பா, ஜில்லுன்னு இருக்கு!" என்று கத்தினாள்.

அவளை வாசலுக்குள் இழுத்து, கொடியில் கிடந்த துண்டால் தலை துவட்டினார். இரண்டு துடைப்பிலேயே காய்ந்துவிட்டது. அவர் துவட்டிக்கொண்டே இருந்தார்.