நாலு நாள் வேனில் கிடந்த கடிதம்

கூரியர் வேலையில் ஆட்களை வாசலோடுதான் அறிவோம். உள்ளே என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரியவரும்.

மழித்த முகம்

குகனை நான் கடைசியாக உயிரோடு கண்டது சிட்னியில், கிரவீன் பக்கம், அவர் வீட்டு வாசலில். லண்டனில் வளர்ந்து, பிரிட்டிஷ் ஆமியின் மருத்துவப் பிரிவில் இருந்துவிட்டு, மனைவி வாசுகியோடு சிட்னிக்கு வந்தவர். விலகி வந்தாலும், யுத்தம் என்றால் சில வருடங்களுக்குத் திருப்பிக் கூப்பிடலாம் என்பது ஒப்பந்தம். கூப்பிட்டுவிட்டார்கள். அன்று தாடியை மழித்திருந்தார். தாடி இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"தாடி இருந்தால் நச்சுவாயு முகமூடி ஒட்டாது அங்கிள். போன உடன அதைத்தான் முதல் பார்ப்பாங்கள்."

ஆள் இல்லை

அதற்கு இரண்டு கிழமை முன்பு, ஈராக்கில் சண்டை தொடங்கப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நேரம், அவர் பெயருக்கு லண்டனிலிருந்து ஓர் உறை என் வேனில் ஏறியது. அவரே கையெழுத்து வைக்க வேண்டும். ஆமி முத்திரையைப் பார்த்தவுடனே என்ன உறை என்று விளங்கியது. யன்னலுக்குள் வாசுகி எட்டு மாத வயிற்றோடு நின்றார்.

எங்கள் ஊரில் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துப்போக வந்தால், ஆள் இல்லை என்று சொல்லித்தான் காப்பாற்றினோம். கை அப்படியே பழகியிருந்தது. கதவைத் தட்டாமலே 'ஆள் இல்லை' என்று பதிந்துவிட்டு வேனை எடுத்தேன். நாலு நாளும் அப்படியே. நாலாம் நாள் பின்னேரம், எங்கள் டிப்போவில் வேலை பார்த்த சென்னை முரளி பட்டியலைப் பார்த்தார்.

"நாலு நாளா ஒருத்தருமே இல்லையா சார்? நாளைக்கும் நீங்க குடுக்கலேன்னா நானே போறேன்."

கடைசித் தாள்

ஐந்தாம் நாள் கொடுத்தேன். குகன் வாசலில் நின்றபடியே உறையைக் கிழித்தார். எங்கே, எந்த நாள் வந்து நிற்க வேண்டும், வைத்தியப் பரிசோதனை, விமானச் சீட்டு, உயில் எழுதும் தாள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வாசுகி அவர் தோளுக்கு மேலால் வாசித்தார். கடைசித் தாள், போகிற நாளைத் தள்ளிவைக்கத் தவணை கேட்கும் படிவம்.

"பிள்ளை பிறக்கும் வரைக்கும் தவணை கேக்கலாம்தானே?" என்றார் வாசுகி.

குகன் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"கேக்கிறதுக்குக் கடைசி நாள் நேற்று."

மடியில் பிள்ளை

குகன் போய் மூன்றாம் கிழமை மகள் பிறந்தாள். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்க முன்பே, சீருடையில் இரண்டு பேர் அந்த வாசலுக்கு வந்தார்கள்.

என் மனைவி இறந்தபோது வாசுகிதான் ஒரு கிழமை எனக்குச் சோறு கொண்டுவந்தவர். கடிதத்தை நாலு நாள் வைத்திருந்ததை அவரிடம் சொல்லிவிடுவது என்றுதான் செத்தவீட்டுக்குப் போனேன். குசினியில் ஒரு கதிரையில் இருந்தேன். வாயைத் திறக்க முதல் வாசுகி வந்து பிள்ளையை என் மடியில் கிடத்தினார்.

"அங்கிள், அந்தக் கடிதத்தை ஒரு நாலு நாள் பிந்தித் தந்திருக்கக் கூடாதோ?"

நான் இன்னும் சொல்லவில்லை; ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்த வீட்டில் பொங்கி இறக்குகிற முதல் புக்கை எனக்குத்தான் வருகிறது.