மடவைச் செதில் கொடுத்த ரீடிங்

காசிமேட்டில் மீன் சுத்தம் செய்கிற அக்காவின் கத்தியிலிருந்து ஒரு மடவைச் செதில் தெறித்து என் போன் திரையில் ஒட்டியது. நினைப்பில் நான் ப்ளஸ் ஒன் படித்த நாளுக்கே போய்விட்டேன்.

அப்போது பிசிக்ஸ் லேபில் வெந்நீர் ஆறுகிற சோதனை. எங்கள் ஒற்றை அறை வூட்டில் அம்மா மீன் ஆய, பக்கத்திலேயே உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் கிராஃப் போட்டேன். கிராஃபில் ஒரு செதில் எப்போது ஒட்டியதோ தெரியாது. மறுநாள் என் பெஞ்சுத் தோழி ஸ்டெல்லா என் கிராஃபைப் பார்த்து அப்படியே தன் நோட்டில் போட்டாள். செதிலையும் ஒரு ரீடிங் என்று நினைத்து, இறங்கிவந்த கோட்டை அதுவரைக்கும் ஏற்றி மறுபடி இறக்கிவிட்டாள்.

ரெக்கார்டில் மிஸ் கையெழுத்துப் போடாவிட்டால் ப்ராக்டிகல் பரீட்சைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"ஆறிக்கினு இருந்த தண்ணி நடுவுல எப்படிம்மா சூடாச்சு?" என்று ஸ்டெல்லாவின் நோட்டைப் பார்த்துக் கேட்டார் மிஸ்.

ஸ்டெல்லாவின் அப்பா போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். "காத்து மாறிடுச்சு மிஸ்," என்றாள்.

மிஸ் என் நோட்டைத் திறந்தார். செதிலை நகத்தால் பெயர்த்து, ஸ்டெல்லாவின் புள்ளிமேல் பசை தடவி ஒட்டினார்.

"இப்பதான் ரீடிங் சரியா கீது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் போன் திரையை அதே போனால் படம் பிடிக்க முடியாதே. மீன்கார அக்காவின் போனை வாங்கிச் செதிலைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன்.

"தொடச்சிடாதடி," என்று பதில் வந்தது. "அது என் ரீடிங்கு."