அசையாமல் நின்ற மாப்பிள்ளை

தமிழ் பேசும் ஊர்களைப் பிரித்துத் தரக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டக் காலத்தில், பாறசாலைக்கு அருகே ஒரு சபைக் கோயிலில் நான் முதன்முதலாகக் கல்யாணப் படம் எடுத்தேன். மாப்பிள்ளை பட்டாளக்காரர், மறுநாளே வடக்கே புறப்பட வேண்டியவர். பதற்றத்தில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபிலிம் சுருளைத் திருகி நகர்த்த மறந்துவிட்டேன். பன்னிரண்டு படங்களும் ஒரே இடத்தில் விழுந்தன.

கழுவியபோது மெழுகுவர்த்திகளும் குருத்தோலைத் தோரணமும் பெண்ணின் முக்காடும் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல் கலந்து தெரிந்தன. பட்டாளப் பழக்கத்தில் அசையாமல் நின்ற மாப்பிள்ளையின் முகம் மட்டும் நடுவில் தெளிவாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்து படம் கேட்டாள்.

“வழியில போலீசு மறிச்சு ஃபிலிமப் பறிச்சிட்டானுவ, தங்கச்சி” என்றேன்.

“அவருக்க முகம் ஒண்ணுகூட இல்லியா?” என்றவள், பிறகு, “போனா போட்டு. அண்ணனுக்கு அடி கிடி ஒண்ணும் படல்லியே?” என்றாள்.

அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. “போராட்டத்துல ஃபிலிமப் பறிகொடுத்த ஆளாக்கும்” என்று என்னைத் தேடிவந்து கல்யாணங்களுக்கு அழைத்தார்கள். என் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

அவள் கணவர் விடுப்பில் வர இரண்டு வருடம் ஆனது. அதுவரை அவள் பார்த்திருக்க வேண்டிய முகம் என் மேசைக்குள் இருந்தது. கொடுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதால் நான் கொடுக்கவில்லை.