பழையசீவரம் மலையில் என் மௌனம்

தூக்கம் வராமல், ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போனதால்தான் உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் நடக்கும் யோகா வகுப்பில் சேர்ந்தேன். மனசு அடங்கும் என்றார்கள். உடம்பு ஓரளவு வளைந்தது. வாய்தான் அடங்கவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால், பக்கத்துப் பாய்க்காரியிடம் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. போன மாசியில் எங்களை வேனில் பழையசீவரம் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனார். சாமி கும்பிட்ட பிறகு மதியம்வரை மௌனம்.

"உங்களால முடியுமாம்மா?" என்று என்னை மட்டும் தனியாகக் கேட்டார். ரோஷம் வந்துவிட்டது.

மர நிழலில் வரிசையாக உட்கார்ந்தோம். கீழே பாலாறு. நான் முதுகை நிமிர்த்தி, ஞானி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று அரைக்கண்ணால் பார்த்தேன். எல்லாரும் போனை அணைத்திருந்தார்கள். நான் மறந்திருந்தேன். வீட்டுக்காரர் கூப்பிட்டார். சத்தத்தை நிறுத்தும் பதற்றத்தில் பச்சையை அழுத்திவிட்டேன்.

"மோட்டார் ரூம் சாவி எங்க வச்ச?"

மௌனம் கலையக் கூடாதே. "ம்... ம்ம்..." என்றேன்.

"இன்னா ஆச்சு? ஏன் ஒரு மாதிரி பேசற?"

"ம்ம்ம்!"

"வாய் கோணிக்கிச்சா? பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?"

போனை அணைத்தேன். எனக்கும் எவ்வளவு வைராக்கியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தியானம் முடிந்து சாப்பிடக் கூப்பிட மாட்டார்களா என்று தியானித்துக்கொண்டிருந்தபோது, படியில் தடதடவென்று சத்தம். வீட்டுக்காரர். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது. காலில் வயல் சேறு. செருப்பு ஒன்றுதான் இருந்தது. மூச்சு வாங்க என் வாயையே பார்த்தார்.

"சாவி ஃபிரிட்ஜ் மேல கீது! அதுக்கோசரம் இம்மாந்தூரம் வரணுமா? இன்னொரு செருப்பு எங்க?" மலைக்கே கேட்கிற குரல் எனக்கு.

அவர் கோபப்படவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "பேசறா... நல்லாத்தான் பேசறா" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். தோள் குலுங்கியது. கூட்டமே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் போனேன், அழுகை வந்துவிட்டது. என் பேச்சு அந்த மனுஷருக்குத் தொந்தரவு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"அவரும் உட்காரட்டும்மா" என்றார் ஆசிரியை. வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மதியம்வரை ஓர் இருமல்கூட இல்லை.

இப்போது அவரும் வகுப்புக்கு வருகிறார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி ஆசிரியை எல்லார் முன்னாலும் என்னிடம் சொல்கிறார். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன்.

"அப்படி இன்னாதான் நெனச்சிக்கினு உக்காந்திருப்பீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. வூட்டுல கெடைக்காதது அங்க கெடைக்குது."

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அவரோடு பேசவே கூடாது என்று முடிவு செய்தேன். ரசம் ஊற்றுவதற்குள் பேசிவிட்டேன்.