மறுதலித்த வாய்

என் வீட்டுக்காரர் மூன்று சபைகளில் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தவர். மில்லில் அவருக்கு ‘முங்கி’ என்றே பட்டப்பெயர். ஒரு தடவை முங்கினால் போதும் என்று சபைக்குப் போகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவர் மண்டையில் மட்டும் ஏறாது. பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன மனிதர். பச்சைத் தண்ணீர் பக்கமே போகாதே என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர் முங்கி எழுந்துவந்து வாரக்கணக்கில் இருமுவார். தலை துவட்டிவிட்டுத் திட்டுவது என் வேலை.

எல்லாம் இந்த வீட்டுக்கு வந்த அன்று ஆரம்பித்தது. வீடு தேடி அலைந்து கால் ஓய்ந்திருந்தோம். மாடியில் குடியிருக்கும் ஓனரம்மா சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “நீங்க சபைக்குப் போறவங்களா? பாட்டு, ஜெபம்னு சத்தமா இருக்குமே?” என்று கேட்டார்.

“சேச்சே, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்றார் இவர்.

சாவி கைக்கு வந்தது, நிம்மதி போனது. மனுஷருக்கு முன்னால் இயேசுவை மறுதலிக்கிறவனை அவரும் மறுதலிப்பார் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கம். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து, தன் இரட்சிப்பு போய்விட்டது என்று ஒரே புலம்பல்.

“இயேசுவின் கையிலிருந்து உங்களை யாரும் பறிக்க முடியாது” என்று பாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“யாரும் பறிக்கலை பாஸ்டர். நானே குதிச்சிட்டேனே.”

இவர் வேறு சபை பார்த்துப் போய் முங்கினார். அதிலும் மனம் ஆறாமல் இன்னொன்று.

“மேல போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துருங்களேன்” என்பேன்.

“வீடு போயிட்டா உன்னை எங்க வச்சுக் காப்பாத்துவேன்?” என்பார். உடனே அழுவார், இதுவும் மறுதலிப்புதானே என்று.

இந்த மாதம் மூச்சு ரொம்ப மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “இன்னொரு தடவை முங்க வைக்கச் சொல்லேன்” என்று கெஞ்சினார். நான் மாட்டேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப செத்தப்புறம் நீ ஒரு பக்கம் போவ, நான் ஒரு பக்கம் போவேன். உன்னைத் திரும்பப் பார்க்கவே மாட்டேன்டி.”

இந்த மனிதரை இப்படிப் போட்டு வதைக்கிற கடவுள்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? விறுவிறுவென்று மாடிக்குப் போனேன்.

“நாங்க சபைக்குப் போறவங்கதான். அவர் அன்னிக்குச் சொன்னது பொய். காலி பண்ணச் சொன்னா பண்ணிடுறோம்” என்றேன்.

ஓனரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். “அது நீங்க வந்த வாரமே தெரியுமேம்மா” என்றார். “ராத்திரி தூக்கத்துல பாடுவாரே, ஜன்னல் வழியா கேக்கும். எல்லாம் இயேசு பாட்டுதான். எனக்கும் தூக்கம் வராது, கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்.”

எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் எப்போதும் ராத்திரி ஷிப்ட். கட்டிய புருஷன் தூக்கத்தில் பாடுவதை மாடி வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஓடிவந்து அவரிடம் சொன்னேன். “பாருங்க, இரட்சிப்பு உங்களை விட்டுப் போகவே இல்லை!”

“தூக்கத்துல பாடினது கணக்குல சேருமா?” என்றார்.

“சேரும்” என்று அடித்துச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தப் பாட்டைக் கேட்கக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரும் அதைக் கேட்கத்தான் கண்ணை மூடாமல் கிடந்தார்.