மூன்று நாள் பூட்டிக் கிடந்த சீட்டு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கும் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவின் கிளார்க் புஷ்பபாய். வயது ஐம்பத்தொன்று. படித்தது பி.காம்., கூடவே ஜங்ஷனில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த ஆறு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு 2010-ல் அவளே ஒரு சாஃப்ட்வேர் எழுதிவிட்டாள். எட்டு மெஷின், நாளுக்கு மூன்று ஷிஃப்ட். யார் எந்தக் கிழமை எந்த மெஷினில் படுக்க வேண்டும் என்று அது சொல்லும். அதற்கு முன்னால் நோட்டில் எழுதி அடித்துத் திருத்தி, இரண்டு பேரை ஒரே மெஷினுக்கு வரச்சொல்லி அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

பார்க்க லட்சணமாக ஒன்றும் இருக்காது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, பார்த்தால் கண் கூசும். ஆனால் பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அது இரண்டு பேரை ஒரே மெஷினில் மோதவிட்டதில்லை.

போன வருடம் கழக்கூட்டம் என்ற ஊரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் தங்கள் சாஃப்ட்வேரை ஆஸ்பத்திரிக்கு விற்க வந்தார்கள். புஷ்பபாயின் பச்சைத் திரையை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். விற்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் புதுக்கிச் செப்பனிட்டு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் விற்பதாக ஏற்பாடு. நிர்வாகமும் கையெழுத்துப் போட்டுவிட்டது. புஷ்பபாய்க்குப் பெருமைதான். கூடவே, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவளை எப்படி நடத்துவார்களோ என்று தாய்க்கு வரும் பயமும் வந்தது.

புதுக்கும் வேலைக்கு வந்தவன் திருப்புறத்துக்காரன் நிஜின். முப்பது வயது, கண்ணாடி போட்ட, சிரித்த முகம். மூன்று வாரம் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் எந்தப் பொத்தானை எதற்கு அமுக்குகிறாள் என்று குறித்துக்கொண்டான். பச்சை போயிற்று, மஞ்சள் போயிற்று. அதையெல்லாம் புஷ்பபாய் விட்டுவிட்டாள். அவள் காத்திருந்தது வேறொன்றுக்கு. ஒரு நாள் அவன் அங்கேயும் வந்து சேர்ந்தான்.

“அக்கா, இதென்ன? ஒரு ஆளு மரிச்சா மெஷின்ல அவருக்க சீட்டு மூணு நாளு லாக் ஆவுது. புரோகிராம்ல பக் ஆக்குமோ?”

“பக் இல்ல மக்கா. நான் வச்சதாக்கும்.”

“வெளிய பதினேழு பேரு வெயிட்டிங்ல உண்டு. மூணு நாளு ஒரு மெஷின சும்மா போட்டா எந்த ஆஸ்பத்திரி இத வாங்கும்? எடுத்துருவோம்.”

“எடுத்தா நான் இத தரமாட்டேன்!”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். தருவதற்கும் தராமலிருப்பதற்கும் அது இப்போது தன்னுடையதல்ல என்று புஷ்பபாய்க்கே தெரியும். அதனால்தான் குரல் அப்படி உயர்ந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அவனுக்கு நடந்ததைச் சொன்னாள்.

2012-ல் அருமநாயகம் என்று ஒருவர், பலசரக்குக் கடைக்காரர், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். புஷ்பபாய் பெயரை நீக்கியதும் திரை அடுத்த பெயரைக் காட்டியது: சத்தியராஜ். இங்கே இடம் கிடைக்காமல், நான்கு மாதமாக வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்காக மாநிலத் தலைநகரத்துக்கு அலைந்துகொண்டிருந்த மனிதர். நல்ல செய்தியை உடனே சொல்ல வேண்டுமே என்று போன் போட்டாள். சத்தியராஜ் அப்போது அருமநாயகத்தின் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்ட உதவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் சாவு வீடென்றால் அண்டை அயலில் உடம்புக்கு முடியாதவர்களும் போய் நிற்பார்கள். கையில் கயிறு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். “சீட்டு கிட்டியாச்சு, நாளைக்கே வாங்க” என்ற புஷ்பபாயின் சந்தோஷக் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. திண்டில் சாய்ந்திருந்த விதவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். சத்தியராஜ் அந்தச் சீட்டுக்கு வரவேயில்லை. மேலும் ஐந்து மாதம் தலைநகரத்துக்கே அலைந்தார்.

“அடக்கம் கழியட்டுமேன்னு மூணு நாளு பூட்டு வச்சேன்” என்றாள் புஷ்பபாய்.

நிஜின் மெதுவாகக் கேட்டான்: “செரிதான் அக்கா. அந்த மூணு நாளும் வெளிய மூச்சு முட்டிக் கிடக்குத ஆளுக்கு நாம என்ன பறயது?”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டு, பதிலில்லாமல் விட்ட கேள்வி அது. “அதுதான் மக்கா எனக்கும் அறியாத்தது. ஒருத்தருக்க மானத்த காக்க இன்னொருத்தருக்க மூச்ச பிடிச்சு வைக்கேன். அது தப்புதான். ஆனா அந்த மாதிரி ஒரு போன் என்னால இனி செய்யப் பற்றாது.”

நிஜின் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான். சனியும் ஞாயிறும் கழிந்தன. திங்கட்கிழமை வந்து, அவள் திரையின் ஓரமெல்லாம் ஒட்டி வைத்திருந்த துண்டுக் காகிதங்களைக் காட்டினான். ஷிஃப்ட் மாற்றித் தரச்சொல்லி, ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்கள் கொடுத்தவை அவை. ஒருவருக்கு பஸ் வசதி, இன்னொருவருக்கு மகளின் வேலை நேரம்.

“ஒரு ஆளு போனா, அந்த இடத்த இவியள்ல ஒருத்தருக்குக் குடுப்போம். இவரு விட்ட இடத்த புதுசா வாற ஆளுக்குக் குடுப்போம். அன்னைக்கே குடுக்கலாம். மரிச்ச ஆளுக்க இடம் புது ஆளுக்கு ஒருக்காலும் போவாது.”

புஷ்பபாய் உடனே தலையாட்டவில்லை. பழைய ஆட்கள் சம்மதிக்க வேண்டுமே? மத்தியான ஷிஃப்டில் படுத்திருந்த ராஜையாவிடம் போய்க் கேட்டாள். இரண்டு வருடமாகக் காலை ஷிஃப்டுக்குக் கெஞ்சிக்கொண்டிருப்பவர் அவர்.

“கூடக் கிடந்த ஆளுக்க எடம்தானே பிள்ள? நாங்க எல்லாரும் ஒரே வள்ளத்துல போறவிய ஆக்கும். அவருக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டு படுத்துக்கிடுவேன்.”

அப்படியே செய்தார்கள். ஒருவர் போனதற்கு இரண்டு பேரை எதற்கு அசைக்க வேண்டும் என்று கம்பெனி மேலாளர் கேட்டாராம். நோயாளியின் வசதிக்காக என்றானாம் நிஜின். விற்பனைக் காகிதத்தில் அது ‘ஷிஃப்ட் விருப்ப வசதி’ என்று அச்சாகி, பல ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைக் கண்டுதான் வாங்கினார்கள். சாமர்த்தியக்காரப் பயல்.

புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரம், பெருங்கடவிளையில் பங்கஜாட்சி இறந்துபோனாள். ஏழு வருடமாகக் காலை ஷிஃப்டில், மூன்றாம் மெஷினில் படுத்தவள். புஷ்பபாய் அவள் பெயரை நீக்கினாள். திரை சட்டென்று சொன்னது: மூன்றாம் மெஷின் காலை ஷிஃப்ட் ராஜையாவுக்கு, அவர் விட்ட ஏழாம் மெஷின் மத்தியான ஷிஃப்ட் சிபினுக்கு. சிபின் ரப்பர் வெட்டுகிறவன், முப்பத்துநாலு வயது. அவன் மனைவி ஜெஸ்னாவுக்குப் போன் போட்டு, நாளை மத்தியானம் வரச்சொன்னாள். “செரி அக்கா” என்று மட்டும் சொல்லி ஜெஸ்னா வைத்துவிட்டாள்.

மாலையில் புஷ்பபாய் சாவு வீட்டுக்குப் போனாள். தெற்குப் பக்கம் தகனத்துக்கு மாமரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பால் சேர்க்காத கட்டன்சாயா கொடுத்துக்கொண்டிருந்தது ஜெஸ்னா. அடுத்த வீட்டுக்காரி. புஷ்பபாயின் கால் முற்றத்திலேயே நின்றுவிட்டது.

ஜெஸ்னா கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அக்கா, பங்கஜாட்சி மாமிக்க மெஷின் எத்தனாவது?”

“மூணு. காலத்த ஷிஃப்ட்.”

“எங்களுக்கு ஏழு. மத்தியானம்.”

“ஆமா பிள்ள.”

ஜெஸ்னா ஒன்றும் தெரியாதவள் அல்ல. எட்டு மாதமாகக் காத்திருந்த இடம் இன்றைக்கு எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியாமல் இருக்குமா? உள்ளே தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பங்கஜாட்சியின் மகளை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அது மதி அக்கா, அது போதும்” என்றாள். “எனக்கு நாளைக்கு அவளுக்க முகத்த பாக்கணும் இல்லியா.”

காலையிலிருந்து ஒன்றும் குடிக்காத அந்தப் பெண்ணிடம் ஒரு கிளாஸ் கட்டன்சாயாவோடு போய் உட்கார்ந்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை ஜெஸ்னா எழுந்திருக்கவில்லை.